கோம் பட்டுக் கம்பளம் அசலா?

துபாய்க் கடையில் பார்த்த, ஈரானின் கோம் நகரத்துக் கம்பளம் ஒரு பக்கம் நின்றால் வெளிறியும் எதிர்ப்பக்கம் நின்றால் கருத்தும் தெரிகிறது, அதனால் அசல் பட்டுதான் என்கிறாரே கடைக்காரர், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். இழை சாய்ந்திருப்பதால் வருவது அது, விஸ்கோஸ் என்ற செயற்கைப் பட்டும் அப்படித்தான் மினுக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: கையால் முடிச்சுப் போட்டதென்றால் பின்புறமும் பூவேலை தெளிவாக இருக்கும், குஞ்சம் தனியே தைத்ததாக இல்லாமல் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நீட்சியாகவே வரும். அப்புறம், கேட்டுக்கொண்டு இரண்டு இழை உருவி எரித்துப் பாருங்கள். பட்டென்றால் முடி கருகும் நாற்றம், சாம்பல் விரலில் பொடியும். விஸ்கோஸ் காகிதம் எரிவதுபோல இருக்கும். கடைக்காரர் விடமாட்டேன் என்றால், நானாக இருந்தால் வாங்கமாட்டேன். இன்னொன்று, கோமில் இந்த நெசவு வேரூன்றியதே 1930களில்தான், '200 வருஷப் பழசு' என்று அளந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.