கேள்வி–பதில்: பாஸ் ரஷ்ஷரை எப்படி எடைபோடுவது?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை (என்எஃப்எல்) அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் மாதம் நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கும் பாஸ் ரஷ்ஷர்களைப் பற்றியவை. எறியும் முன் அவரை வீழ்த்தினால் அது ஒரு ‘சாக்’. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

2022 டிராஃப்டில் எங்கள் மிச்சிகனின் ஏய்டன் ஹட்சின்சனை விட்டுவிட்டு, ஜார்ஜியாவின் ட்ரவான் வாக்கரை ஜாக்சன்வில் அணி முதலாவதாக எடுத்தது. கல்லூரிக் கடைசி சீசனில் ஹட்சின்சன் 14 சாக் எடுத்தார், வாக்கர் 6 தான். அணிகளுக்காக வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்களுக்குக் கணக்குத் தெரியாதா?
– வாசகர், ட்ராய், மிச்சிகன்

நன்றாகவே தெரியும். அந்த 14 எப்படி வந்தது, இந்த 6 ஏன் 6ஆக நின்றது என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. அந்த ஜார்ஜியா அணியின் டிஃபென்ஸிலிருந்து மட்டும் 5 பேர் அந்த ஆண்டு முதல் சுற்றிலேயே போனார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் வாக்கருக்குக் கிடைத்த வேலை பல நேரம் வெளிப்பக்கம் சுற்றி ஓடுவதல்ல. சற்று உள்ளே நின்று, எதிரே இருப்பவனை முட்டி நிறுத்தி, பந்தோடு ஓடுபவரின் பாதையை அடைப்பது. அந்த வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் சாக் கணக்கில் ஏறாது. அப்புறம், உடம்பு: 272 பவுண்டு எடையோடு 40 கஜத்தை 4.51 வினாடியில் ஓடினார். கை நீளம் 35.5 அங்குலம். ஹட்சின்சனின் கை 32 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம்.

ஹட்சின்சன் பக்கம் பாருங்கள். 2021 நவம்பர் 27 அன்று ஆன் ஆர்பரில் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 3 சாக். மிச்சிகன் 42–27 என்று ஜெயித்த அந்த நாளை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆனால் டிசம்பர் 31 ஆரஞ்ச் பௌலில் ஜார்ஜியாவிடம் 34–11 என்று தோற்றபோது அவருக்கு ஒரு சாக் கூடக் கிடைக்கவில்லை. ஸ்கவுட் இரண்டு ஆட்டத்தையும் பார்ப்பார். இரண்டாவதை இன்னொரு முறை பார்ப்பார். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் பலமான லைன் (முன்வரிசை) முதல் முயற்சியை அடைத்த பிறகு இவர் என்ன செய்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

நானாக இருந்தால் ஹட்சின்சனைத்தான் எடுத்திருப்பேன். அடைபட்ட இடத்தில் அவர் நிற்பதில்லை. வெளிப்பக்கம் போக முடியாவிட்டால் உடனே உள்ளே திரும்புகிறார், கை ஓய்வதில்லை. மூன்று கூம்புகளைச் சுற்றித் திரும்பி ஓடும் த்ரீ-கோன் ஓட்டத்தில் எடுத்த 6.73 வினாடி, அந்தத் திருப்பம் நிஜம் என்பதை உறுதிப்படுத்தியது. முதல் ஆண்டிலேயே டெட்ராய்ட்டுக்கு 9.5 சாக் எடுத்தார், வாக்கர் 3.5. ஆனால் வாக்கர் 2023ல் 10, 2024ல் 10.5 என்று வளர்ந்துவிட்டார். ஜாக்சன்வில்காரர்கள் வளரக்கூடிய உடம்பைப் பார்த்து எடுத்தார்கள், காத்திருந்தார்கள். முதல் இடத்தில் எடுக்கும் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி.

ஒரு பாஸ் ரஷ்ஷருக்கு ஏன் இவ்வளவு பணம்?
– வாசகர், சான் ஹோசே

பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்த முடிகிறவர்கள் மிகக் குறைவு என்பதால்தான். 2025 ஆகஸ்டில் கிரீன் பே அணி, டல்லஸின் ரஷ்ஷர் மைக்கா பார்சன்ஸுக்காக இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும் ஒரு வீரரையும் டல்லஸுக்குக் கொடுத்தது. அதோடு அவருக்கு 4 ஆண்டுக்கு 188 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2011 முதல் டிராஃப்டில் வருகிறவர்களின் சம்பளம், எத்தனையாவதாக எடுக்கப்பட்டார்கள் என்பதை வைத்துத்தான். அதனால் நல்ல ஆளை டிராஃப்டிலேயே கண்டுபிடிக்கும் அணிக்குச் சில ஆண்டுகள் பெரிய மிச்சம்.

சனிக்கிழமை டிவியில் கல்லூரி ஆட்டம் பார்க்கிறேன். ஸ்கவுட் மாதிரிப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, ப்ளேனோ, டெக்சாஸ்

முதலில் பந்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். கஷ்டம்தான், கண் தானாகப் பந்தின் பின்னால் போகும். ஒரே ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்னாப் ஆனதும் (பந்து பின்னால் கொடுக்கப்பட்டு ஆட்டம் தொடங்கியதும்) லைனில் முதலில் அசைவது அவரா என்று பாருங்கள். நல்ல ரஷ்ஷர் எதிரணி குவார்ட்டர்பேக்கின் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார், பந்து அசைவதைப் பார்த்துக் கிளம்புவார். இரண்டு மூன்று காலடிக்குள் அவர் டேக்கிளின் (எதிரணி லைனின் ஓரத்தில் நின்று தடுப்பவர்) தோளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், டேக்கிள் பதறிப்போய் உடம்பைப் பக்கவாட்டில் திருப்புவார். பாதி வேலை அங்கேயே முடிந்தது. அடுத்தது கைகள். டேக்கிள் நெஞ்சில் குத்த வருவார். ரஷ்ஷர் அந்தக் கையைத் தட்டிவிடுகிறாரா, இல்லை நெஞ்சைக் கொடுத்துவிட்டு வெறும் பலத்தில் தள்ளுகிறாரா? கல்லூரியில் தள்ளியே ஜெயித்தவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து திணறுவதை நிறையப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே எதிரில் நிற்பவருக்கும் அதே பலம்.

பிறகு வளைவு. வெளிப்பக்கம் சுற்றிக் குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்பும்போது, பைக்கில் வேகமாக வளைவு எடுப்பவர் சாய்வதுபோல உடம்பு தரையை நோக்கிச் சாய வேண்டும், வேகம் குறையக்கூடாது. கணுக்காலும் இடுப்பும் விறைப்பாக இருந்தால் அந்த இடத்தில் நிமிர்ந்துவிடுவார்கள். நிமிர்ந்த ஆளை டேக்கிள் அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

நான் அதிக நேரம் செலவிடுவது இதற்கும் அடுத்த கட்டத்தில்: முதல் முயற்சி தோற்ற பிறகு. எங்கள் ஊர்ப் பள்ளி அணியில் டிஃபென்சிவ் லைன் பிள்ளைகளுக்கு உதவுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம், சனிக்கிழமை காலை வீடியோ. ஒவ்வொரு பாஸுக்கும் அவர்களை எழுத வைப்பேன்: எங்கே நின்றாய், யார் தடுத்தார், முதலில் என்ன செய்தாய், அது பலிக்காதபோது என்ன செய்தாய். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அவனுக்கு அந்த வாரம் பயிற்சி அதில்தான். கல்லூரி வீரரையும் இப்படியே எழுதிப் பாருங்கள். சாக் காட்சிகளை மட்டும் தொகுத்த யூட்யூப் வீடியோவில் இது கிடைக்காது, அங்கே அவர் தோற்பதே இல்லை.

எழுதும்போது சில சாக் கணக்குகளைக் கழித்துவிடுங்கள். யாருமே தடுக்காமல் வந்து எடுத்தது, டேக்கிளுக்குப் பதிலாக டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) தனியாகத் தடுத்தபோது எடுத்தது, பின்னால் இருப்பவர்கள் பாஸ் பிடிக்க ஓடும் எல்லா ரிசீவரையும் மூடிவிட்டதால் குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு நின்றபோது எடுத்தது. அதேபோல, எறிவதற்கு ஒரு கணம் முன்னால் குவார்ட்டர்பேக்கை நிலைகுலைய வைத்த ஆட்டங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்கோர்போர்டில் எதுவும் வராது, ஆனால் அந்தப் பாஸ் கெட்டுப்போகும்.

கம்பைனில் 40 கஜ ஓட்டத்தை நம்பலாமா?
– வாசகர், ராலே

டிராஃப்டுக்கு முன் வீரர்களை அளந்து சோதிக்க இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைனில் மருத்துவப் பரிசோதனைதான் அணிகளுக்கு முக்கியம். ஓட்டத்தைப் பொறுத்தவரை, குவார்ட்டர்பேக் நிற்பது லைனிலிருந்து ஏழெட்டுக் கஜம் பின்னால். எந்த ரஷ்ஷரும் அவரைப் பிடிக்க நேராக 40 கஜம் ஓடுவதில்லை. முதல் 10 கஜத்தின் நேரத்தைப் பாருங்கள், த்ரீ-கோனைப் பாருங்கள்.

டெரல் சக்ஸ் 2002ல் அரிசோனா ஸ்டேட்டுக்காக ஒரே சீசனில் 24 சாக் எடுத்தவர். மெதுவாக ஓடினார் என்று 2003 டிராஃப்டுக்கு முன் ஒரே பேச்சு. பால்டிமோர் 10ஆவதாக எடுத்தது. 139 சாக்கோடு ஓய்வுபெற்றார். வெர்னன் கோல்ஸ்டன், ஒஹாயோ ஸ்டேட், கம்பைனில் 225 பவுண்டை 37 முறை தூக்கியவர். 2008ல் நியூயார்க் ஜெட்ஸ் அணி 6ஆவதாக எடுத்தது. மூன்று சீசனில் ஒரு சாக் கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு அளவுகளே வீண் என்று முடிவு கட்டாதீர்கள். டானியெல் ஹன்டர் எல்எஸ்யூவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) மூன்று ஆண்டில் மொத்தம் 4.5 சாக்தான். ஆனால் நீண்ட கை, அந்த உடம்புக்கு அசாத்திய வேகம். மினசோட்டா 2015ல் மூன்றாம் சுற்றில், 88ஆவதாக எடுத்து, கைகளால் தடுப்பை முறிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தது. இரண்டாம் ஆண்டிலேயே 12.5 சாக். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பயிற்சியாளர் நம் அணியில் இருக்கிறாரா என்பதையும் சேர்த்துத்தான் அப்படி ஒருவரை எடுக்க வேண்டும்.

என் மகன் 11ஆம் வகுப்பு. டிஃபென்சிவ் எண்ட் (லைனின் ஓரத்தில் நிற்கும் ரஷ்ஷர்) ஆடுகிறான். கை குட்டை, பெரிய கல்லூரிக்குப் போகமுடியாது என்று ஒருவர் சொன்னதிலிருந்து சாப்பிடவே மாட்டேன் என்கிறான்.
– ஒரு தாய், நியூ ஜெர்சி

சகோதரி, அந்த வயதுப் பிள்ளையிடம் யாரும் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஹட்சின்சன் கையும் குட்டை என்றுதான் சொன்னார்கள், இரண்டாவதாக எடுக்கப்பட்டார். டுவைட் ஃப்ரீனி 6 அடி 1 அங்குலம், இந்த இடத்துக்குக் குள்ளம். சுழன்று உள்ளே வரும் அந்த ஒரு வித்தையை யாராலும் நிறுத்த முடியாதபடி கற்றுக்கொண்டு 125.5 சாக் எடுத்தார், 2024ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். டி.ஜே. வாட் விஸ்கான்சினுக்குப் போனது டைட் எண்டாக. முழங்கால் காயங்களுக்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்தார், 2021ல் 22.5 சாக் எடுத்து, ஒரே சீசனில் அதிக சாக் என்று அப்போது மைக்கேல் ஸ்ட்ராஹான் வைத்திருந்த சாதனையைத் தொட்டார்.

கை குட்டையாக இருந்தால் முதல் குத்து எதிராளியுடையதாக இருக்கும். அதைத் தட்டிவிடக் கற்றுக்கொண்டால் போதும். பள்ளியில் மல்யுத்த அணி இருந்தால் குளிர்காலத்தில் சேரச் சொல்லுங்கள், கைக்கும் இடுப்புக்கும் அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ கேட்கும் 16 பாடங்களும் சரியாகப் போகின்றனவா என்று பள்ளி ஆலோசகரிடம் இந்த மாதமே கேட்டுவிடுங்கள். கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு அனுப்பும்போது தொகுப்பு வீடியோவோடு, அவன் சந்தித்ததிலேயே நல்ல டேக்கிளுக்கு எதிரான ஒரு முழு ஆட்டத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவன் தடுக்கப்பட்ட காட்சிகளை வெட்டாதீர்கள். அவன் ஜெர்சி எண்ணை வீடியோவின் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.