டீமேக்கர் “வராதே” என்றால், அது யார் பேச்சு?

கேள்வி: இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் 40 பேர் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறேன். 11 வருடம் இருந்த ஒருவன் இரவு வேலையில் தூங்கினான் என்று, என்னைக் கேட்காமலே டீமேக்கர் (தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரி) “நாளையிலிருந்து வராதே” என்று சொல்லிவிட்டார். அவன் மகளின் படிப்புக்குக் கடன் கொடுத்தவன் நான். இப்போது நன்றி கெட்டு தொழில் நீதிமன்றம் போயிருக்கிறான். அவனாகவே நின்றுவிட்டான் என்று பதில் போடலாமா?

பதில்: கடனும் நன்றியும் இந்த வழக்கில் எடுபடாது, விடுங்கள். டீமேக்கர் உங்களைக் கேட்கவில்லை என்பதும் அப்படித்தான். ஆட்களுக்கு வேலை கொடுக்கவும் பேர் போடவும் (வருகை பதியவும்) அவரை வைத்தது நீங்கள். அவர் சொன்னால் நீங்கள் சொன்ன மாதிரிதான். பார்க்க வேண்டியது ஒன்றே: வேலைநீக்கம் நடந்ததா?

நடந்தது என்று ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று நீங்கள் காட்ட வேண்டும். மறுத்தால், நடந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் “அவனாகவே நின்றான்” என்பதில் முதலாளிமாருக்கு இத்தனை ஆசை. நிறையப் பேர் விழுந்து நான் பார்த்த குழியும் அதுதான். என் கட்சிக்காரர் ஒருவர் அப்படித்தான் பதில் போட்டார். விசாரணையில் கேட் புத்தகம் வந்தது. அந்த ஆளின் பேருக்குப் பக்கத்தில், சூப்பர்வைசரின் கையெழுத்தில், சிவப்பு மையில்: “உள்ளே விட வேண்டாம்.” அப்புறம் என்ன பேசுவது? நிறுத்தவே இல்லை என்று சொன்ன வாயால், நிறுத்தியதற்கு இதுதான் காரணம் என்று சொல்லவும் முடியவில்லை. தானாக நின்றவரைத் திரும்ப வரச்சொல்லி ஏன் ஒரு பதிவுத் தபால்கூடப் போடவில்லை என்ற கேள்விக்கும் பதில் இல்லை. தயவுசெய்து இப்போது பழைய தேதி போட்டு ஒரு கடிதம் தயாரிக்காதீர்கள். தபால் முத்திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, ஒப்புக்கொண்டு வாதாடலாம் என்றால், நிறுத்துவதற்கு முன் நீங்கள் கொடுத்த குற்றப்பத்திரம் இல்லை, நடத்திய விசாரணை இல்லை. 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால், இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது வேலைநீக்கம் பற்றிய 1971இன் 45ஆம் இலக்கச் சட்டம். அதையும் செய்யவில்லை. 11 வருடத்துக்கு எதிரே ஒரு இரவுத் தூக்கம் நிற்காது.

சமரசம் செய்யுங்கள். சேவைக்காலம் முறியாமல் திரும்ப எடுங்கள், இடைக்காலச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பேசி முடியுங்கள். முகம் பார்க்க முடியாத நிலை என்றால் நட்டஈடு. எதுவானாலும் நீதிமன்றத் தலைவர் முன்னால் பதிவாகட்டும். ஸ்டோரில் வைத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க வேண்டாம். பணிக்கொடையையும் ஊழியர் சேமலாப நிதியையும் அந்தத் தொகையில் கலக்காதீர்கள். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே சொத்துக்குச் சேதம், உங்கள் பொருளுக்கு இழப்பு, இவற்றுக்காக நிறுத்தினால்தான், அதுவும் இழப்பின் அளவுக்குத்தான், பணிக்கொடையைப் பிடிக்கலாம். தூக்கத்துக்குப் பிடிக்க முடியாது.

அடுத்த கொழுந்துக் காலத்துக்கு முன் டீமேக்கரையும் சூப்பர்வைசர்களையும் ஒரு பின்னேரம் உட்கார வைத்துப் பேசுங்கள். சட்டப் புத்தகம் தேவையில்லை. “வராதே”, “பேரை வெட்டிடுவேன்” என்ற இரண்டும் அவர்கள் வாயில் வரக்கூடாது. நடந்ததைத் தேதி, நேரம், பார்த்தவர் பேரோடு எழுதி அன்றைக்கே உங்களிடம் தர வேண்டும், அவ்வளவுதான். இதே வார்த்தையைப் பிரசவ லீவில் இருக்கும் பெண்ணிடமோ, சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரிடமோ சொல்லியிருந்தால், நட்டஈட்டோடு நிற்காமல் உங்கள் மேல் குற்ற வழக்கே வந்திருக்கும்.

உங்கள் கேட் புத்தகத்தையும் செக்ரோலையும் (பேர் போடும் சம்பளப் பதிவேடு) இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எதையும் திருத்தாமல், கிழிக்காமல், அப்படியே உங்கள் வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். பதில் மனு எழுதுவது அதற்கு அப்புறம்.