பி வைட்டமின்கள்: முதலில் ரத்தம் எடுங்கள், பிறகு ஊசி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பி வைட்டமின்களைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். வயது, சாப்பாட்டுப் பழக்கம், போடுகிற மற்ற மாத்திரைகள் எதையும் சொல்லாமல் "பி12 கம்மியாம், என்ன மாத்திரை போடலாம்?" என்று ஒரே வரியில் கேட்டவர்களுக்குப் பதில் எழுத வழியில்லை. எவ்வளவு கம்மி என்றுகூட எழுதாவிட்டால் நான் எதை வைத்துச் சொல்வது?

கே: பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. சிறுநீரகம் கெட்டுவிடுமா? (தேனி வாசகர்)

கெடாது. அது பி2, அதாவது ரிபோஃப்ளேவின். அதன் நிறமே மஞ்சள்தான். உடம்புக்கு வேண்டியது போக மீதி வெளியே போகிறது. மாத்திரை போடாத நாட்களிலும் அப்படியே போனால், கண்ணும் மஞ்சளாக இருந்தால், அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கே: எந்நேரமும் அசதி. தெம்புக்காகத் தினமும் ஒரு பி காம்ப்ளெக்ஸ் போடுகிறேன். நல்லதுதானே? (சேலம் வாசகர், வயது 41)

வைட்டமினில் தெம்பு கிடையாது. தெம்பு சோற்றிலும் எண்ணெயிலும் பருப்பிலும் இருக்கிறது. அதை வெளியே எடுக்கும் நொதிகளுக்குத் துணை நிற்பதுதான் பி வைட்டமின்களின் வேலை. சர்க்கரை உடைந்து பைருவேட் ஆகிறது. அது அசெட்டைல் கோ-ஏ ஆக மாறினால்தான் செல்லுக்குள் முழுமையாக எரியும். அந்த ஒரு படியை நடத்தும் நொதித் தொகுதிக்கு மட்டும் பி1, பி2, பி3, பி5 நான்கும் வேண்டும். பி1 பைருவேட்டைப் பிடித்து உடைக்கிறது. பி2-வும் பி3-யும் எஃப்ஏடி, என்ஏடி என்ற வடிவில் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. கோ-ஏ என்பதே பி5-இலிருந்து உருவாவதுதான். இதில் ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுவிடும், உண்மை. ஆனால் குறையே இல்லாதவர் இன்னும் கொஞ்சம் போட்டால் வேலை வேகமாக நடக்காது.

41 வயதில் தொடர்ந்து அசதி என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பாருங்கள். இரவில் குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள். மாத்திரை அதற்குப் பிறகு.

கே: பச்சரிசியா, புழுங்கல் அரிசியா? வீட்டில் தினமும் விவாதம். (கும்பகோணம் வாசகி)

பி1 கணக்கில் புழுங்கல்தான். நெல்லின் பி1 பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சையாகத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். ஊறவைத்து அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் தங்குகிறது. இதற்கு வரலாற்றுச் சான்றே உண்டு. 1890-களில் ஜாவாவில் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு போகாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கவனித்தார். அதற்காக 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய சென்னை மாகாணத்திலேயே, பச்சரிசி சாப்பிட்ட வடக்குக் கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில், பி1 குறையால் வரும் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் அநேகமாக இல்லை. குன்னூரில் ஆய்வு நடத்திய மெக்காரிசன் 1920-களில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

எந்த அரிசியானாலும் நாலைந்து தடவை கசக்கிக் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் பி1 தண்ணீரோடு போகும். கஞ்சியைக் கொட்டாதீர்கள்.

கே: பழைய சோற்றில் பி12 நிறைய இருக்கிறதாமே? (மன்னார்குடி வாசகர்)

நம்பி இருக்காதீர்கள். பழைய சோறு நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். பி12-க்குப் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சிதான் வழி. ஸ்பைருலினா மாத்திரையும் உதவாது. அதில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

கே: வயது 58, சைவம். 12 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். பாதம் மரத்துப்போனது. மருந்துக் கடையில் வாரம் ஒரு 'நரம்பு ஊசி'யும் போலிக் அமில மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் ஆகிறது. இப்போது இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது. ஊசியை மாற்ற வேண்டுமா? (மதுரை வாசகி)

அம்மா, முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இந்த வாரமே. மீதியைப் பிறகு படிக்கலாம்.

நான் திரும்பத் திரும்ப எழுதிக் கை வலித்துப்போன விஷயம் இது. நம் ஊரில் மரத்துப்போனால் நரம்பு ஊசி, முதுகு வலித்தால் நரம்பு ஊசி, தூக்கம் வராவிட்டாலும் நரம்பு ஊசி. அந்தக் குப்பியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று போடுகிறவரும் சொல்வதில்லை, போட்டுக்கொள்கிறவரும் கேட்பதில்லை. என்ன நோய் என்று யாரும் பார்ப்பதே இல்லை.

பி12-க்கு நம் உடம்பில் இரண்டே இரண்டு வேலைகள். ஒன்று, ஹோமோசிஸ்டினை மெத்தியோனைனாக மாற்றுவது. அதே படியில்தான் போலேட்டும் (பி9; அதன் மாத்திரை வடிவம்தான் போலிக் அமிலம்) விடுபட்டு டிஎன்ஏ தயாரிக்கப் போகிறது. இரண்டாவது, மெத்தில்மலோனைல் கோ-ஏ-யைச் சக்சினைல் கோ-ஏ-யாக மாற்றுவது. பி12 இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் சரியாகப் பிரியாமல் பெருத்துப்போகும். நரம்பின் மேலுறையான மையலினும் கெடும். தண்டுவடத்தின் பின்பகுதி பாதிக்கப்பட்டால், கால் எங்கே இருக்கிறது என்பதே மூளைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துச் சமாளிக்கலாம், இருட்டில் முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் தள்ளாட்டம் அந்த வகையாக இருக்கலாம் என்பதுதான் என் கவலை.

இப்போது போலிக் அமிலத்துக்கு வருகிறேன். பி12 இல்லாத இடத்தில் அதைத் தனியாகக் கொடுத்தால் டிஎன்ஏ வேலை ஓரளவு நடந்துவிடும். ரத்தசோகை தேறும், ஹீமோகுளோபின் ஏறும், எல்லோருக்கும் திருப்தி. நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். பி12 அளவு பார்க்காமல் போலிக் அமிலத்தை மட்டும் கொடுக்கக் கூடாது என்று இதனால்தான் சொல்கிறோம்.

உங்களுக்கு மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன: சைவ உணவு, வயது, மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுகிறீர்களானால் அது நான்காவது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் காசநோய் வந்தவர்களுக்கும், இரைப்பையை வெட்டி எடுத்தவர்களுக்கும் பி12 உள்ளே சேராது. ஈரலில் 2, 3 மில்லிகிராம் சேமிப்பு இருப்பதால் குறை வெளியே தெரியவே சில வருடங்கள் ஆகும்.

ஆக, முதலில் ரத்தம் எடுங்கள், பிறகு ஊசி. பி12 கலந்த ஊசி போட்டபின் பார்த்தால் ரத்தத்தில் பி12 எகிறிக் கிடக்கும். அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் விஷயத்தில் அந்த வாய்ப்பு போய்விட்டது. பி12 எண்ணை மட்டும் நம்பாமல், பி12 குறைந்தால் தேங்கும் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டின் பார்க்கலாமா என்று கேளுங்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ சொல்வார்கள். போட்ட ஊசிகளின் காலிப் பெட்டி இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் பி6, அதாவது பைரிடாக்சின், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பி6 அதிகமானால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும்; தினம் 100 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் ஆபத்து உண்டு, அதற்குக் குறைவிலும் சிலருக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. மரத்துப்போனதற்குப் போட்ட மருந்தே மரத்துப்போக வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 குறைதான் என்று உறுதியானால் 1000 மைக்ரோகிராம் ஊசி, முதலில் அடுத்தடுத்து, பிறகு இடைவெளி விட்டு. நரம்பு பாதிக்கப்படாதவர்களுக்கு அதே அளவு மாத்திரையும் போதும். பி12 உள்ளே சேரும் சாதாரண வழி அடைபட்டிருந்தாலும் விழுங்குவதில் 1 சதவீதம் அளவுக்குத் தானாகக் குடல் வழியே ரத்தத்துக்குள் கசியும், தினத் தேவையான இரண்டரை மைக்ரோகிராமுக்கு அது தாராளம். இதைப் படிக்கிற மற்றவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நடையே தள்ளாடும் நிலையில் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்தம் எடுத்த கையோடு அன்றைக்கே மருத்துவர் ஊசியைத் தொடங்கிவிடுவார்.

கே: டிபி மாத்திரை சாப்பிட்டதில் உள்ளங்கால் எரிச்சல். ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். சரிதானே? (வேலூர் வாசகர்)

தவறு, பெரிய தவறு. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் வரலாம். வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். டிபி மாத்திரைகளில் ஒன்றான ஐசோநியசிட் பி6-ஐச் செயலிழக்க வைக்கும் என்பது தெரிந்த விஷயம். அதற்காகத்தான் கூடவே சிறிய அளவில் பைரிடாக்சின் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிட்டீர்களா என்று எழுதவே இல்லை. நாளைக் காலை டிபி மையத்துக்குப் போய், நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கே: வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார். நாலு நாளாகச் சாப்பாடு இல்லை, பேச்சு முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறது. வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

கூடாது. தொடர்ந்து குடிப்பவர் உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். மொத்தச் சேமிப்பே 30 மில்லிகிராம்தான், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். குழப்பம், கண் அசைவில் கோளாறு, தள்ளாட்டம் என்று வரும் வெர்னிக்கே நோய் அது. தப்பினாலும் ஞாபகசக்தி திரும்பாமல் போகக்கூடும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்; "தினமும் குடிப்பவர், நாலு நாளாகச் சாப்பிடவில்லை" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் வாரக்கணக்கில் வாந்தி எடுக்கும் பெண்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கே: தை மாதம் கல்யாணம். போலிக் அமிலம் எப்போது தொடங்க வேண்டும்? (நாகர்கோவில் வாசகி)

குழந்தை வேண்டும் என்று நினைப்பதற்கு ஒரு மாதமாவது முன்பே, தினம் 400 மைக்ரோகிராம். மூளையும் தண்டுவடமுமாக வளரும் நரம்புக் குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து மருத்துவரைப் பார்ப்பதற்குள் அது முடிந்துவிடுகிறது. முன்பு அந்தக் குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் பத்து மடங்கு அளவு தேவை. பிரிட்டனில் 1991-இல் முடிந்த ஆய்வில் அந்த அளவு, மீண்டும் வரும் வாய்ப்பை 70 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. வலிப்பு மாத்திரை போடுபவர்கள் கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். சைவம் என்றால் பி12-ஐயும் இப்போதே பாருங்கள். முதலில் ரத்தம் எடுங்கள்.

கே: முடி கொட்டுகிறது. பயோட்டின் 10 மில்லிகிராம் மூன்று மாதமாகப் போடுகிறேன். தைராய்டு அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எனக்கு ஒரு அறிகுறியும் இல்லை. (கோவை வாசகி)

ரிப்போர்ட்டை நம்பி மாத்திரை தொடங்காதீர்கள். பயோட்டின், அதாவது பி7, தினத் தேவை 30 மைக்ரோகிராம். நீங்கள் போடுவது அதைப் போல 300 மடங்குக்கு மேல். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினை ஒட்டுப்பொருளாக வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி4 பொய்யாகக் கூடியும் காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையும் பொய்யாகக் குறைந்து வரலாம். 2017-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பகிரங்கமாக எச்சரித்தது. பயோட்டினை நிறுத்தி மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள். முடிக்கு ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். பயோட்டின் போட்டு வந்ததை ஆய்வகச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.