அக்காவின் படத்தை முதலில் வெளியே எடுங்கள்

கேள்வி: புது வீட்டுக்கு வண்ணம் பூசி முடித்துவிட்டோம். வரவேற்பறை இளஞ்சாம்பல், படுக்கையறை வெளிர்நீலம், சோபா கரும்பச்சை. இவற்றுக்குப் பொருத்தமாகப் படங்கள் வாங்க வேண்டும். அக்கா வரைந்து கொடுத்த சின்ன நீர்வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. அதில் செங்காவியும் ஆரஞ்சும் அதிகம். சோபாவுக்கு மேலே பிடித்துப் பார்த்தால் ஒட்டவே இல்லை, உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். எந்த அறைக்கு எந்த நிறம், எந்த மாதிரிப் படம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?
- ஒரு வாசகி

பதில்: பட்டியல் தரப்போவதில்லை. முதலில் அக்காவின் படத்தை வெளியே எடுங்கள்.

சுவரின் நிறத்தையும் சோபாவின் நிறத்தையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தப் படத்தில் இருப்பது மரமா, முகமா, தெருவா என்று ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை. படத்தைத் துணி சாம்பிள் மாதிரி பார்க்கத் தொடங்கிவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம். இன்னும் சில வருடங்களில் சோபா நைந்துபோகும். சுவருக்கு மறுபடியும் பெயின்ட் அடிப்பீர்கள். வீடே மாறினாலும் மாறலாம். அப்போதும் உங்களோடு வரப்போவது அந்தப் படம்தான். மாறப்போகிற பொருளுக்கு ஏற்றாற்போல் மாறாத பொருளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓவியர் குளோத் மோனே 1883-இல் பிரான்ஸில் ஜிவெர்னி கிராமத்து வீட்டுக்குக் குடிபோனார். அங்கே சாப்பாட்டு அறையில் சுவர் மட்டுமல்ல, மேஜை நாற்காலி அலமாரிகூட மஞ்சள். அந்த மஞ்சள்மேல், தான் ஆசை ஆசையாகச் சேர்த்த ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களை வரிசையாக மாட்டினார். அவற்றில் நீலம் நிறைய. மஞ்சள் சுவருக்கு மஞ்சள் படம்தான் சேரும் என்று அவர் நினைக்கவில்லை.

அதற்காக உங்கள் கண் பொய் சொல்கிறது என்று சொல்ல மாட்டேன். படம் ஒட்டாமல் தெரிந்தது உண்மைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலையில், 1824 முதல் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்று அவருக்குப் புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்திலிருந்த நூலின் நிறம்தான் கறுப்பை வெளிறிப்போகச் செய்தது. ஒட்டியிருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று தன் எதிர்நிறத்தின் (வண்ணச் சக்கரத்தில் நேர் எதிரே இருக்கும் நிறத்தின்) பக்கம் தள்ளும் என்பதை 1839-இல் அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். சிவப்பும் பச்சையும் எதிர்நிறங்கள். கரும்பச்சை சோபாவுக்கு மேலே செங்காவியைப் பிடித்தால் சிவப்பு இன்னும் சிவப்பாகக் கத்தும், பச்சை இன்னும் பச்சையாகும். நீங்கள் பார்த்தது அந்தச் சண்டையைத்தான். படத்தின்மேல் தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு நிறங்களுக்கும் நடுவே இடைவெளி கொடுங்கள். பிரேம் போடும்போது படத்தைச் சுற்றி அகலமாக மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், மூன்று அங்குலத்துக்குக் குறையாமல். பளிச் வெள்ளை வேண்டாம், அது படத்தின் காகிதத்தை அழுக்காகக் காட்டிவிடும். அந்தக் காகிதத்தின் வெள்ளைக்கு நெருங்கிய வெள்ளையாகப் பாருங்கள். அமிலமில்லாத அட்டைதானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான அட்டையில் இருக்கும் அமிலம் காகிதத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும்.

அப்புறம் வெளிச்சம். ஷேட் கார்டை மணிக்கணக்கில் புரட்டுகிற நாம் பல்பைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் போட்டிருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் கலந்த வெளிச்சம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. அந்த நீல வெள்ளையில் செங்காவி செத்துப்போய்த் தெரியும், இளஞ்சாம்பல் சுவரோ இன்னும் குளிர்ந்துபோகும். சிஆர்ஐ என்று இன்னொரு எண்ணும் உண்டு. பல்பின் வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று போடுகிற மதிப்பெண் அது. படம் இருக்கிற அறைக்கு 90-க்கு மேல் பார்த்து வாங்குங்கள். உங்கள் வரவேற்பறையில் எரிவது 6500 என்றால், சோபாவைக் குறை சொல்வதற்கு முன்னால் பல்பை மாற்றிவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

நீர்வண்ணம் என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். வெயில் விழுகிற சுவரில் அதை மாட்டாதீர்கள். அருங்காட்சியகங்களில் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு ஏறக்குறைய 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை அனுமதிப்பார்கள். காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கு வெறும் 50 லக்ஸ்தான், மங்கலான அறை வெளிச்சம். என்னிடம் ஒரு பூச்சாடிப் படம் இருந்தது. ஜன்னலுக்கு எதிரே பல வருடம் தொங்கியது. கண்ணாடி மாற்றுவதற்காகப் பிரேமைக் கழற்றியபோது, மவுண்டுக்கு அடியில் ஒளிந்திருந்த விரற்கடை அகலத்தில் மட்டும் அடர்ந்த ரோஜா நிறம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த பூக்கள் எல்லாம் சாம்பல் கலந்த வெளிர்நிறம். அந்த ஓரத்தைப் பார்க்கும் வரை நிறம் போனதே எனக்குத் தெரியாது. செங்காவி இரும்பு ஆக்சைடு, அது லேசில் வெளுக்காது. ஆதிமனிதன் குகையில் பூசியது இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த ஆரஞ்சும், படத்தில் இருக்கிற மற்ற நிறங்களும் அப்படி நிற்கும் என்று நம்பி இருக்காதீர்கள். போனால் திரும்ப வராது.

இந்த அறைக்கு இந்த நிறம் என்ற பட்டியல்களை நான் ஏன் நம்புவதில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். நீலம் அமைதி, சிவப்பு கோபம் என்று எங்கும் எழுதியிருக்கிறார்கள். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கடற்படைச் சிறையில், ஆவேசம் தணியும் என்று சொல்லி அறைகளுக்கு ஒரு குறிப்பிட்ட இளஞ்சிவப்பு அடித்துப் பார்த்தார்கள். பலன் இருக்கிறது என்று பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு கவனமாகச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. உங்கள் படுக்கையறை நீலம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? அது போதும்.

இனி சுவருக்கு எப்போது வண்ணம் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பெரிய அட்டையில் இரண்டு கோட்டிங் அடித்து, அதை அறைக்குள் இடம் மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு நாள், எதிர்ச் சுவரில் ஒரு நாள். காலையிலும் பாருங்கள், விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். ஷேட் கார்டில் இருக்கிற தபால்தலை அளவுத் துண்டு நான்கு சுவருக்கும் ஏறியதும் நினைத்ததைவிடப் பலமாகத் தெரியும், ஒரு சுவரின் நிறம் இன்னொரு சுவரில் பட்டுத் திரும்புவதால்.

இப்போது அக்காவின் படத்துக்கு இடம் பார்ப்போம். சோபாவுக்கு மேலே வேண்டாம். அங்கே மாட்டுகிற படம், அல்லது படங்களின் கூட்டம், சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருந்தால்தான் நிற்கும். சின்னப் படம் அங்கே தொலைந்துபோகும். படுக்கையறையின் வெளிர்நீலச் சுவர் அதற்கு நல்ல இடம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு, அங்கேயும் நிறம் எழும்பும். ஆனால் வெளிர்நீலம் அடங்கிய நிறம், கரும்பச்சை மாதிரி பதிலுக்குக் கத்தாது. நின்றுகொண்டு பார்க்கிற இடம் என்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வரட்டும். பெரும்பாலான வீடுகளில் படங்கள் இதைவிட உயரத்தில்தான் தொங்குகின்றன, அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்றால் இன்னும் இறக்குங்கள். ஆணி அடிப்பதற்கு முன்னால் அதே அளவில் காகிதம் வெட்டி, டேப்பால் ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் வரைந்தாரா, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து வரைந்தாரா என்று கேளுங்கள். அவர் சொல்வதை வைத்துக்கொண்டு அந்தச் சுவர்ப்பக்கத்துப் பல்பை முடிவு செய்யலாம்.