சாஃப்ட்வேர் வாங்கும் முன் ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப் காஸ்டிங் (உருகிய இரும்பை மண் அச்சில் ஊற்றி எடுக்கும் வார்ப்பு) செய்யும் பவுண்டரி நடத்துகிறோம். மண் அச்சு செய்யும் பழைய மோல்டர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள்; குறைபட்டுத் தள்ளப்படும் காஸ்டிங், அதாவது ரிஜெக்‌ஷன் ஏறுகிறது. அனுபவசாலிகளின் அறிவைச் சேமித்து வைக்கும் அறிவு மேலாண்மை சாஃப்ட்வேர் போட்டால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆட்கள் போனதால்தான் ரிஜெக்‌ஷன் ஏறுகிறது என்பது இன்னும் உங்கள் ஊகம்தான். கடைசி மூன்று மாத ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை எடுத்து, குறை, பார்ட், ஷிப்ட் வாரியாகப் பிரியுங்கள். அடிக்கடி திரும்ப வரும் ஒரு குறையை மட்டும் கையில் எடுங்கள்.

இரவு ஷிப்டில் ப்ளோ ஹோல் (காஸ்டிங்குக்குள் வாயு மாட்டி உண்டாகும் ஓட்டை) அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அச்சு செய்யும் ஈர மண்ணான கிரீன் சாண்டில் ஈரம் பொதுவாக 3 முதல் 4 சதவீதம். அது கூடினால், உருகிய இரும்பு பட்டதும் கிளம்பும் நீராவி வெளியேற வழியின்றி காஸ்டிங்குக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். மண்ணில் ஈரம் அதிகமாக இருந்தது அன்று ஆபரேட்டருக்குத் தெரிந்ததா? தெரியாது, பெரியவர்தான் ஒரு பிடி மண்ணை அழுத்தி உடைத்துப் பார்த்துச் சொல்வார் என்றால், அது அறிவுப் பிரச்சினை. தெரியும், ஆனால் லைனை நிறுத்தினால் இன்சென்டிவ் போய்விடும் என்றால், எந்த சாஃப்ட்வேரும் உதவாது. சம்பள முறையை மாற்றுங்கள். ஈரம் அளக்கும் கருவி பழுதாகிக் கிடக்கிறதா? சரிசெய்தால் போதும். யாருக்குமே காரணம் தெரியவில்லை என்றால் சோதனை செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும், சேமித்து வைக்க அங்கே எதுவும் இல்லை.

ஆபீசுக்குக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். "எல்லாம் சரியாத்தான் பண்றோம் சார்" என்பார்கள். குறைபட்ட காஸ்டிங்கோடு ஷெட்டுக்கே போய்க் கேளுங்கள்.

கேள்வி: அறிவுப் பிரச்சினைதான் என்று தெரிந்தால்?

பதில்: அப்போதும் முதலில் அந்த அறிவு எந்த வழியில் பரவுகிறது என்று பாருங்கள். செராக்ஸ் நிறுவனத்தின் காப்பியர் டெக்னீஷியன்களோடு 1980களில் கூடவே போய்க் கவனித்தார் மானுடவியலாளர் ஜூலியன் ஓர். கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசியே தீர்த்தது தெரிந்தது. 1990களில் அங்கே வந்த யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பு இந்தப் பழக்கத்தையே ஒட்டி அமைந்தது. குறிப்பைச் சக டெக்னீஷியன்களே சரிபார்ப்பார்கள். எழுதியவர் பெயரும் அதில் இருக்கும்.

உங்கள் மோல்டரிடம் பேனாவை நீட்டிப் பயனில்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே ஓர் இளைஞரை அவரோடு நிறுத்துங்கள். அவர் மண்ணைப் பிடித்துச் சொல்லும் தீர்ப்பையும் கருவி காட்டும் சதவீதத்தையும் அந்தப் பையன் ஒவ்வொரு ஷிப்டிலும் பக்கத்தில் பக்கத்தில் குறிக்கட்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.