சிகாகோவை ஒட்டிய ரிவர்சைடு கிராமம் எப்படி உருவானது, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2020 கணக்கெடுப்பின்படி 9,298 பேர். 2010-இல் 8,875. பத்து வருடத்தில் நானூறு பேர்தான் கூடுதல். வீடு கட்டக் காலி இடமே பெரிதாக மிச்சமில்லாத ஊர், அதனால் இதில் ஆச்சரியமில்லை.

வரலாறுதான் சுவாரஸ்யம். டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றங்கரையில் ரயில் பாதை வந்தபிறகு, 1868-69 வாக்கில் ஒரு நிறுவனம் சுமார் 1,600 ஏக்கரை வளைத்து, நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரிடம் ஒப்படைத்தது. பக்கத்து ஊர்களில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேராக ஓடும். இங்கே எல்லாமே வளைவு. சந்திப்புகளில் முக்கோணப் புல்வெளிகள், தெருவில் இன்றும் எரியும் எரிவாயு விளக்குகள். (புதிதாக வருபவர்கள் வழி தப்புவது சகஜம்!)

அப்புறம் 1871 சிகாகோ பெருந்தீ, 1873 நிதி நெருக்கடி. நிறுவனம் திவாலானது. ஆனாலும் 1875-இல் ரிவர்சைடு முறைப்படி கிராமமாகப் பதிவானது. கிராமம் என்றாலும் வயல்வெளி எதுவும் கிடையாது, இல்லினாய் மாநிலச் சட்டத்தில் ‘கிராமம்’ என்பது ஒருவகை உள்ளாட்சி அமைப்பு, அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகள் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். 1970-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள்.