மகரந்தம் இல்லாத பூ: விதை வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஹைபிரிட் காலிஃபிளவரில் ஒரு செடியை விதைக்காக விட்டேன். நன்றாகப் பூத்தது. ஆனால் மகரந்தப் பையைத் தொட்டால் விரலில் தூளே ஒட்டவில்லை. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. போலி விதையா?

பதில்: போலி இல்லை. ஆண் மலட்டுத்தன்மை, அதாவது பூவில் மகரந்தம் உருவாகாத தன்மை, உள்ள தாய்ச்செடியில் எடுத்த வீரிய ஒட்டு விதை (ஹைபிரிட்) அது. 1968இல் ஜப்பானில் ஒகுரா என்பவர் முள்ளங்கியில் கண்ட இந்தத் தன்மையை முட்டைக்கோஸ், காலிஃபிளவருக்குக் கொண்டுவந்தார்கள். இது தாய் வழியாக மட்டுமே இறங்கும். பக்கத்தில் மகரந்தம் தரும் அதே இனச் செடி இல்லையென்றால் காய் பிடிக்காது.

இதை ஏன் செய்கிறார்கள் என்பதற்கு வெங்காயப் பூங்கொத்தைப் பாருங்கள். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பொடிப்பூக்கள். ஒவ்வொன்றிலும் மகரந்தப் பையைக் கையால் கிள்ளி எடுத்துக் கலப்பு விதை தயாரித்தால் கட்டுப்படியாகாது. தாய்ச்செடியில் மகரந்தமே இல்லையென்றால் அந்த வேலை மிச்சம். 1925இல் கலிஃபோர்னியாவில் ஹென்றி ஜோன்ஸ் 'இத்தாலியன் ரெட்' ரகத்தில் விதை பிடிக்காத ஒரு செடியைக் கண்டார். அதன் பூத்தண்டில் வந்த சிறு குமிழ்களை நட்டே அதைக் காப்பாற்றினார். வெங்காய ஹைபிரிட்டுக்கு வழி திறந்தது அங்கேதான். கேரட்டில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியும். சில செடிகளில் மகரந்தத்தாள் இருக்கவேண்டிய இடத்தில் இதழ் போன்ற ஒன்று நிற்கும். வேறு சிலவற்றில் மகரந்தப் பை பழுப்பாகச் சுருங்கிக் கிடக்கும்.

ஆகவே தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாக்கெட்டின் மேல்தான் கோபம். முன்பக்கம் முழுக்கப் பளபளக்கும் காய்ப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் 'எஃப்-1' (முதல் தலைமுறை ஒட்டு விதை). 'இதிலிருந்து விதை எடுக்க முடியாது' என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு இடம் பிடிக்கும்? விதை சேமிக்கும் பழக்கம் உள்ளவர் ஒரு பருவம் முழுக்க நிலத்தையும் தண்ணீரையும் கொடுத்துவிட்டு வெறும் தண்டோடு நிற்கிறார். விற்றவருக்கு இது முன்பே தெரியும். தெரிந்தும் சொல்லாமல் விற்பது ஏமாற்றுதான். அடுத்த முறை 'விதை எடுக்கலாமா?' என்று நேராகக் கேளுங்கள். பதில் இழுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஹைபிரிட் மிளகாயிலும் காய் பிடிக்காதா?

பதில்: பிடிக்கும். காய்க்காக வளர்க்கும் பயிரில் ஆண் மலட்டு முறையைப் பயன்படுத்தினால், மகரந்தத்தை மீட்டுத் தரும் மரபணுவைத் தந்தை வழியில் சேர்த்துவிடுவார்கள்.

கேள்வி: வெள்ளரியில் எல்லாமே பெண் பூ. பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. பாக்கெட்டில் நிறம் பூசிய சில விதைகள் தனியாகத் தெரிந்தன. கெட்டுப்போனவை என்று எறிந்துவிட்டேன்.

பதில்: ஆண் பூ தரவேண்டிய விதைகளை எறிந்துவிட்டீர்கள். பாக்கெட்டைப் படித்துவிட்டு விதையுங்கள்.

கேள்வி: கத்தரியில் இலைகள் சிறுத்து, பூவும் பச்சை இலைபோல் மாறிவிட்டது. விதை விற்றவர்மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி செய்யும் வேலை. செடியைப் பிடுங்கி அழியுங்கள். விசாரிக்காமல் பழிபோட்டால் நியாயமான புகாரும் எடுபடாமல் போகும்.

கேள்வி: கடும் கோடையில் தக்காளிப் பூவெல்லாம் உதிர்கிறது. மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விற்றவரோ, 'இது மலட்டு ரகம், விலை கூடிய வேறு விதை வாங்குங்கள்' என்கிறார்.

பதில்: காசு கொடுக்காதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளி மகரந்தம் வீணாகும், சூல்முடியும் இப்படி வெளியே நீளும். வெயில் குறைந்ததும் அதே செடி காய்க்கலாம். உங்கள் பதற்றத்தை அவர் விற்பனையாக்கப் பார்க்கிறார்.

கேள்வி: பிரித்துக் கட்டிய பாக்கெட்டில் வெங்காய விதை வாங்கினேன். தேதி இல்லை, லாட் எண் இல்லை. பாதிகூட முளைக்கவில்லை. விற்றவர் கைவிரிக்கிறார்.

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. இதே மாதிரிப் பாக்கெட்டில் எனக்கும் பழைய விதையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பாத்தியில் களை மட்டும்தான் வந்தது. வெங்காய விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும். தேதியை மறைப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். விடாதீர்கள். பில்லையும் பாக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள். மீதி விதையில் பாதியைத் தொடாமல் வையுங்கள். மறுபாதியில் நூறு விதை எண்ணி ஈரத்துணியில் மடித்துவைத்து, இரண்டு வாரத்தில் எத்தனை முளைத்தன என்று படம் எடுத்து, எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.